கொமூனேயும் கோவிலும்: இத்தாலிய முன்னோரை ஏடுகளில் தேடும் முறை

இத்தாலி என்னும் அரசு 1861 மார்ச் 17 அன்றுதான் பிறந்தது. அதற்கு முந்தைய ஏடுகள் நேப்பிள்ஸ், தஸ்கனி, பீட்மாண்ட், திருத்தந்தையின் ஆட்சிப் பகுதி, ஆஸ்திரியாவின் கீழிருந்த லொம்பார்தி, வெனெத்தோ எனத் தனித்தனி ஆட்சிகளின் வழக்கப்படி எழுதப்பட்டவை. ஒருங்கிணைந்த பின்னரும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவு தலைநகரில் திரட்டப்படவில்லை. அது 'கொமூனே' எனப்படும் ஊராட்சியின் பொறுப்பிலேயே இருந்துவருகிறது. இத்தகைய கொமூனே இன்று ஏறத்தாழ 7,900 உள்ளன. நாடு முழுவதற்குமான முழுமையான பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லாததால், குடும்பப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர் மாதக்கணக்கில் அலைவார். ஊரின் பெயரை அறிந்தவரோ ஒரே மாலையில் கொள்ளுப்பாட்டனின் பிறப்புப் பதிவைக் கண்டுவிடக்கூடும். ஆகவே முதல் வேலை ஊரைக் கண்டுபிடிப்பது.

இத்தாலியிலிருந்து 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வெளியேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் குடும்பம் "நேப்பிள்ஸிலிருந்து வந்தது" என்றோ "ஜெனோவாவிலிருந்து வந்தது" என்றோ சொல்வதைக் கேட்டவுடன் நம்பிவிடக் கூடாது. பெரும்பாலும் அது கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயராகவோ, அயலார்க்குத் தெரிந்த அருகிலுள்ள நகரத்தின் பெயராகவோ இருக்கும். உண்மையான ஊர்ப்பெயர் குடியேறிய நாட்டின் தாள்களில்தான் முதலில் அகப்படும். அமெரிக்காவில் 1906 செப்டம்பர் 27-க்குப் பின் எழுதப்பட்ட குடியுரிமை விண்ணப்பங்கள் முந்தையவற்றைவிட விரிவானவை. நியூயார்க்கில் வந்திறங்கியோரின் கப்பல் பட்டியல்களில் 1907 முதல் பிறந்த ஊரும், தாய்நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் இடம்பெற்றன. குடியேறிய ஊரின் கத்தோலிக்கக் கோவிலில் நடந்த திருமணப் பதிவு, கல்லறைக் கல், பழைய கடித உறை, இராணுவச் சேவைப் புத்தகம் ஆகியவற்றையும் ஒதுக்கிவிடக் கூடாது.

இங்கே ஒரு கட்டுக்கதையைக் களைந்துவிடலாம். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் குடும்பப் பெயர்களை மாற்றி எழுதினார்கள் என்று பல வீடுகளில் சொல்வார்கள். ஆனால் பயணிகளின் பட்டியலைக் கப்பல் நிறுவனத்தார் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிட்டனர். தீவிலிருந்த அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிற்பாடு, வேலையிடத்திலும் பள்ளியிலும் அவரவர் விருப்பத்திலும். எனவே கப்பல் பட்டியலில் பழைய இத்தாலிய எழுத்துக்கூட்டிலேயே தேட வேண்டும். மணமான பெண்களைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரில் தேட வேண்டும், ஏனெனில் இத்தாலிய ஆவணங்களில் பெண் சாகும்வரை தந்தையின் குடும்பப் பெயரையே தாங்குகிறாள்.

ஊர்ப்பெயர் கிடைத்த பின்னும் அது எந்த ஊர் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். லீவோ என்ற பெயரில் கோமோ மாகாணத்தில் ஒன்றும் திரென்தோ மாகாணத்தில் ஒன்றுமாக இரண்டு கொமூனே உண்டு. சமோனே என்ற பெயர் தொரினோ, திரென்தோ இரண்டிலும் இருக்கிறது. சில ஊர்கள் பெயரையே மாற்றிக்கொண்டன. ஜிர்ஜென்தி 1927-இல் அக்ரிஜென்தோ ஆயிற்று. காஸ்த்ரோஜொவான்னி அதே ஆண்டு என்னா ஆயிற்று. கலாப்ரியாவின் மொன்தெலெயோனே 1928 முதல் வீபோ வலென்சியா. வீட்டில் வழங்கிவரும் பெயர் 'ஃப்ராத்சியோனே' எனப்படும் சிற்றூருடையதாக இருந்தால், அது எந்தக் கொமூனேயைச் சேர்ந்தது, அப்போது எந்த மாகாணத்தில் இருந்தது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவேடு கொமூனேயின் பெயரில்தான் இருக்கும்.

எந்த ஆண்டிலிருந்து எந்த ஏடு

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் கோவில் அன்றி அரசே எழுதும் குடிசார் பதிவு இத்தாலி முழுவதும் ஒரே நாளில் தொடங்கவில்லை. நெப்போலியன் ஆட்சியின்போது வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஏறத்தாழ 1806 முதல் சில ஆண்டுகள் அது நடைபெற்று, அவர் வீழ்ந்ததும் பெரும்பாலான இடங்களில் நின்றுபோயிற்று. நேப்பிள்ஸ் முடியரசில் 1809-இல் தொடங்கிய பதிவை மீண்டு வந்த பூர்போன் மன்னர்கள் நிறுத்தவில்லை. சிசிலித் தீவில் 1820 முதல் தொடங்கவும் செய்தனர். இதனால் தென்னாட்டுக் குடும்பங்களைத் தேடுகிறவர்க்கு 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியும் ஏறத்தாழ முழுமையாகக் கிடைக்கிறது. வறுமையால் கடல் கடந்தவர்களின் மண்ணில் ஏடுகள் மட்டும் வளமாக இருப்பது வியப்புக்குரியது. ஒருங்கிணைந்த இத்தாலியின் பதிவு 1866 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ளது. வெனெத்தோவிலும் மாந்தோவாவிலும் அது 1871-இல் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் சேர்ந்த திரென்தோ, த்ரியெஸ்தே பகுதிகளில் 1924-இல்தான் வந்தது.

ஒவ்வொரு பதிவேடும் இரு படிகளாக எழுதப்பட்டது. ஒன்று கொமூனேயில் தங்கியது. மற்றொன்று நீதிமன்றத்துக்குச் சென்று, காலம் கடந்தபின் மாகாணத் தலைநகரிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்தை அடைந்தது. இவ்விரட்டை ஏற்பாட்டின் அருமை, ஒரு படி அழிந்த இடங்களில்தான் புரியும். 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தால் நிலைகுலைந்த மெஸ்ஸீனா, ரெஜ்ஜோ கலாப்ரியா போன்ற இடங்களில் தேடுகிறவர், ஓரிடத்தில் இல்லையென்ற விடை வந்தவுடன் கைவிட்டுவிடாமல், மற்றப் படி எங்குள்ளது என்று கேட்க வேண்டும்.

இந்தக் காப்பகப் படிகளை இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகம் 2011 முதல் 'அந்தேநாத்தி' என்னும் இணையவாயிலில் கட்டணமின்றிப் படங்களாக வெளியிட்டுவருகிறது. அமெரிக்காவின் வம்சாவழி ஆய்வு நிறுவனமான ஃபேமிலிசர்ச் இந்தப் பணியில் பங்கு கொண்டிருப்பதால் அதன் தளத்திலும் பல ஏடுகளைக் காணலாம். அந்தேநாத்தியில் பெயரால் தேடும் வசதி உண்டு, ஆனால் பெயர் வாரியாக அட்டவணைப்படுத்தப்பட்டவை மொத்தப் படங்களில் ஒரு பகுதியே. பெயரைத் தட்டிப் பார்த்து ஒன்றும் வராவிட்டால் பதிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுவதே புதியவர்கள் செய்யும் முதற்பிழை. ஊர்வாரியாக நுழைந்து, 'நாத்தி' என்றால் பிறப்பு, 'மாத்ரிமோனி' என்றால் திருமணம், 'மோர்த்தி' என்றால் இறப்பு என்று அறிந்து, ஆண்டைத் தேர்ந்து, ஏட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அங்கே அந்த ஆண்டின் பெயரகராதி இருக்கும். சில ஊர்களில் அது குடும்பப் பெயரால் அன்றி இடுபெயரால் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அப்போது எல்லா 'ஜுசெப்பே'க்களையும் ஒருவர் விடாமல் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1866-க்குப் பின் பத்தாண்டு அகராதிகளும் உண்டு. ஆண்டு சரியாகத் தெரியாதவர்க்கு அவை பெரும் உதவி. ஏட்டில் ஓர் ஆண்டு முன்னும் பின்னும் பார்ப்பதும் நல்லது: பிறப்பை ஐந்து நாட்களுக்குள் அறிவிக்கலாம் என்று 1865-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்ததால், டிசம்பர் இறுதியில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் ஏட்டில் இருக்கக்கூடும்.

பதிவைப் படித்தல்

இத்தாலிய மொழி தெரியாதவரும் இந்த ஏடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம், ஏனெனில் வாசகம் பெரும்பாலும் அச்சிட்ட மாறாத வாய்பாடு. கையெழுத்தில் இருப்பவை நாள், பெயர், வயது, தொழில் ஆகியவையே. முதலில் கற்க வேண்டியவை இரண்டு சிறு சொற்கள். ஒருவரின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் இடையே 'தி' என்றிருந்தால் அன்று தந்தை உயிருடன் இருந்தார். 'ஃபு' என்றிருந்தால் காலமாகிவிட்டார். லத்தீன் ஏடுகளில் இதே பொருளில் 'குவோந்தாம்' என்ற சொல் வரும். இந்த ஒரு சொல்லைக் கொண்டே இறப்புப் பதிவைத் தேட வேண்டிய ஆண்டுகளைச் சுருக்கிவிடலாம். தந்தையின் பெயரை அடுத்து 1874-இல் பிறந்த குழந்தையின் பதிவில் 'தி'யும் 1879-இல் பிறந்த குழந்தையின் பதிவில் 'ஃபு'வும் வந்தால், பாட்டனார் இவ்விரண்டு நாள்களுக்கு இடையில் இறந்திருக்கிறார்.

நாள்கள் பெரும்பாலும் எழுத்தால் எழுதப்பட்டிருப்பதால் எண்களின் இத்தாலியப் பெயர்களை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்வது போதும். ஆனால் மாதச் சுருக்கங்களில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்ற எண்ணுடன் 'ப்ரே' சேர்ந்தால் அது ஏழாம் மாதம் அன்று, செப்டம்பர். அவ்வாறே 8 அக்டோபர், 9 நவம்பர், ரோம எண் பத்து டிசம்பர். பழைய ரோமானியரின் மாதக் கணக்கு இவ்வாறு எழுத்தரின் பேனாவில் நீடித்தது. நானும் தொடக்கத்தில் ஒரு செப்டம்பர்ப் பிறப்பை ஜூலையில் எழுதிவைத்துக்கொண்டு, பெற்றோரின் திருமணத்தோடு அது பொருந்தவில்லையே என்று நெடுநேரம் குழம்பியிருக்கிறேன். பிரான்சுடன் இணைக்கப்பட்டிருந்த பீட்மாண்ட், லிகூரியா பகுதிகளில் நெப்போலியன் காலத்துப் பதிவுகள் பிரெஞ்சு மொழியிலும், தொடக்க ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி நாள்காட்டியிலும் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மாற்று அட்டவணைகள் எளிதில் கிடைக்கின்றன.

ஒரே ஊரில், ஒரே பெயரில், ஏறத்தாழ ஒரே வயதில் மூவரோ நால்வரோ இருப்பது இயல்பு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயர், மகள்களுக்கு அவ்வாறே பாட்டியரின் பெயர் என்பது, குறிப்பாகத் தெற்கில், உறுதியாகப் பின்பற்றப்பட்ட வழக்கம். 'பெயரன்' என்ற சொல்லே பேரன் ஆனதை அறிந்த தமிழர்க்கு இது விளக்கம் வேண்டாத செய்தி. ஆனால் ஒரு பாட்டனாருக்கு ஐந்து மகன்கள் இருந்தால் அவர் பெயரில் ஐந்து பேரன்கள் இருப்பார்கள் என்பதால், தந்தையின் பெயரையும் தாயின் முழுப்பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் எவரையும் குடும்ப மரத்தில் ஏற்றக் கூடாது. குழந்தை இறந்தால் அதன் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைத்தார்கள் என்பதால், பிறப்புப் பதிவு கிடைத்ததும் அதே பெயரில் குழந்தையின் இறப்புப் பதிவு உண்டா என்று பார்ப்பது கட்டாயம். கியொஜ்ஜாவில் பொஸ்கோலோ, தியொத்சோ என்னும் இரு குடும்பப் பெயர்கள் மிகப் பரவலாக இருப்பதால், கிளைகளைப் பிரித்தறியப் பட்டப்பெயரையும் அரசு ஆவணங்களிலேயே சேர்த்து எழுதுகிறார்கள். பிற ஊர்களிலும் 'தெத்தோ' என்ற சொல்லைத் தொடர்ந்து இத்தகைய பட்டப்பெயர் வந்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருமணக் கட்டு

நேரம் குறைவாக உள்ளவர் பிறப்புப் பதிவுகளின் பின்னால் ஓடுவதைவிடத் திருமணப் பதிவுகளில் உழைப்பைச் செலவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. பிறப்புப் பதிவு ஒரு தலைமுறையைச் சொல்லும். திருமணப் பதிவு மணமக்களின் வயது, பிறந்த ஊர், தொழில், இரு தரப்புப் பெற்றோரின் பெயர் ஆகியவற்றை ஒருங்கே தரும். அதனினும் பெரிய செல்வம் 'அல்லெகாத்தி' எனப்படும் இணைப்புத் தாள்கள். தெற்கில் இவற்றைப் 'ப்ரொச்செஸ்ஸெத்தி' என்றும் சொல்வர். மணமக்கள் தம் பிறப்புச் சான்றையும், இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்றையும், முன்பு மணமாகியிருந்தால் முந்தைய துணையின் இறப்புச் சான்றையும், திருமண ஓலை வாசிக்கப்பட்டதற்கான சான்றையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தந்தை இறந்திருந்தால் இசைவு தர வேண்டியவர் தந்தைவழிப் பாட்டனார். அவரும் இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றும் கட்டில் சேர்ந்தது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். 1820-இல் நேப்பிள்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மணந்துகொண்டவருக்குப் பிறந்த ஆண்டில் குடிசார் பதிவே இல்லை. எனவே பங்குத்தந்தை திருமுழுக்கு ஏட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்த படியே கட்டில் இருக்கும். பாட்டனாரின் இறப்பும் அவ்வாறே கோவில் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். கோவிலின் மூலப் புத்தகம் பின்னர் எரிந்தோ நனைந்தோ அழிந்திருந்தாலும், அதன் ஒரு வரி அரசுக் காப்பகத்தில் பிழைத்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரே கட்டில் பின்னோக்கிச் செல்வது இவ்வாறுதான். பல ஊர்களின் இணைப்புத் தாள்கள் அந்தேநாத்தியில் தனித் தொகுதியாக இருக்கின்றன. திருமணப் பதிவின் வரிசை எண்ணே கட்டின் எண்ணாக இருக்கும். ஆனால் உள்ளே பெயரகராதி இருக்காது என்பதால் பொறுமையாகப் பக்கம் புரட்ட வேண்டும்.

நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த இரு சிசிலிகளின் முடியரசில் எழுதப்பட்ட ஏடுகளுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. திருமணப் பக்கத்தின் இடப்புறத்தில் கொமூனே அலுவலர் முன் மணமக்கள் செய்த உறுதிமொழியும், வலப்புறத்தில் கோவிலில் திருமணம் நடந்த நாளும் எழுதப்பட்டன. உண்மையான மண நாள் வலப்புறத்தில் உள்ளதே. அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் திருமணம் நடக்காமலே போயிருக்கக்கூடும். பிறப்பு ஏட்டிலும் இடப்புறம் பிறப்பு, வலப்புறம் திருமுழுக்கு.

1866-க்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. கோவில் திருமணத்தை அரசு ஏற்கவில்லை. 1929 பெப்ருவரி 11 அன்று திருப்பீடத்துடன் உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே அதற்குச் சட்ட மதிப்பு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் கோவிலில் மட்டும் மணந்துகொண்டு கொமூனேக்குப் போகாத இணையர் பலர். அவர்களுடைய குழந்தையின் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் இருக்கும், தாயோ பெயர் சொல்லப்படாத, மணமாகாத பெண்ணாகக் குறிக்கப்பட்டிருப்பாள். இதைக் கண்டு குடும்பத்தில் மறைத்துவைத்த களங்கம் ஏதோ வெளிப்பட்டதாக அதிர்ச்சியடைபவர்கள் உண்டு. முதலில் பங்குக் கோவிலின் திருமண ஏட்டைப் பார்ப்பதே முறை. தாயின் பெயர் அங்கே தெளிவாக இருக்கும்.

பெற்றோர் அறியாக் குழந்தைகளின் பாதை வேறு. தொட்டிலில் விடப்பட்டவர்களுக்கு நேப்பிள்ஸில் எஸ்போஸிதோ, ரோம் பகுதியில் ப்ரொயெத்தி, ஃப்ளோரென்ஸில் இன்னொசென்தி, மிலானில் கொலொம்போ என்ற குடும்பப் பெயர்கள் வழங்கப்பட்டன. ஆயினும் இன்று அந்தப் பெயரைத் தாங்குவோர்க்கு அத்தகைய முன்னோர் பல தலைமுறைக்கு அப்பால் இருக்கலாம். குழந்தை விடப்பட்ட பதிவை எட்டிவிட்டால், அடுத்து அதை ஏற்று வளர்த்த இல்லத்தின் ஏடுகளையே நாட வேண்டும். ஃப்ளோரென்ஸின் இன்னொசென்தி இல்லம் 1445-இல் திறக்கப்பட்டது. அதன் காப்பகம் இன்றும் பேணப்படுகிறது.

கோவில் ஏடுகள்

குடிசார் பதிவு தொடங்கிய ஆண்டுக்கு முன்னே போகவேண்டுமானால் பங்குக் கோவில் ஒன்றே வாசல். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதுமாறு பணித்தது; திருத்தந்தை ஐந்தாம் பவுலின் காலத்தில் 1614-இல் வெளிவந்த வழிபாட்டு நூல் இறப்பு, உறுதிபூசுதல், 'ஆன்மாக்களின் நிலை' ஆகிய ஏடுகளையும் சேர்த்தது. அதற்கும் முந்தையவை மிகச் சில: ஃப்ரியூலியிலுள்ள ஜெமோனாவின் திருமுழுக்கு ஏடு 1379-இலும், ஃப்ளோரென்ஸின் ஏடு 1450-இலும் தொடங்குகின்றன. தமிழர் வீரமாமுனிவராக அறியும் பெஸ்கி, மாந்தோவா மாகாணத்தின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரேயில் 1680-இல் பிறந்தவர்; அவருடைய குடும்பத்தைத் தேடப் புகுந்தாலும் குடிசார் ஏடு எதுவும் உதவாது, கோவில் ஏடே துணை.

'ஆன்மாக்களின் நிலை' என்ற ஏட்டை நான் மிகவும் மதிக்கிறேன். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டிப் பங்குத்தந்தை வீடுவீடாகச் சென்று, ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த அனைவரையும், உறவுமுறையும் வயதுமாக எழுதிய குடும்பக் கணக்கு அது. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும், மணமாகாத அத்தையும், வேலைக்காரச் சிறுவனும் ஒரே பக்கத்தில் வரக் காணலாம். எல்லாப் பங்கிலும் அது எஞ்சவில்லை. எஞ்சிய இடத்தில் அதை முதலில் பார்த்துவிட்டு மற்ற ஏடுகளுக்குப் போவது வேலையைப் பாதியாக்கும்.

கோவில் ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். நாள்களைக் கணக்கிடும்போது ஆண்டுத் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஃப்ளோரென்ஸில் 1749 வரை ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. வெனிஸ் குடியரசில் மார்ச் 1-இல். எனவே பழைய ஃப்ளோரென்ஸ் ஏட்டில் 1700 பெப்ருவரி என்றிருந்தால் அது நம் கணக்கில் 1701. திருமுழுக்குப் பதிவில் ஞானப் பெற்றோரின் பெயர்களையும் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்களே. பீட்மாண்டின் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த வால்தேசியச் சீர்திருத்த சபையினர்க்கும், யூதச் சமூகத்தினர்க்கும் தனி ஏடுகள் உண்டு. அவர்களைக் கத்தோலிக்கப் பங்கில் தேடிப் பயனில்லை.

இந்த ஏடுகள் திருச்சபையின் உடைமை. அவற்றைக் காட்டுவது பங்குத்தந்தையின் கடமை அன்று, தயவு. ஆகவே நேரே கோவில் கதவைத் தட்டுவதற்கு முன், மறைமாவட்டக் காப்பகத்துக்கு எழுதி, அந்தப் பங்கின் பழைய ஏடுகள் அங்கே சேர்க்கப்பட்டுவிட்டனவா என்று கேட்க வேண்டும். மடல் இத்தாலிய மொழியில், அரைப் பக்கத்துக்கு மிகாமல், ஒரே ஒரு ஆளைப் பற்றியதாக, பெயர், ஏறத்தாழ ஆண்டு, பெற்றோர் பெயருடன் இருக்கட்டும். கோவிலுக்குச் சிறு நன்கொடை அளிப்பது மரபு. திரென்தோவைச் சேர்ந்தவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள்: அங்கே 1815 முதல் 1923 வரை பிறந்தோரின் பட்டியலை இணையத்தில் பெயரால் தேடலாம்.

கொமூனேக்கு எழுதுவதிலும் இதே சுருக்கம் வேண்டும். பதிவு எழுதப்பட்டு எழுபது ஆண்டுகள் கடந்திருந்தால் அதன் பகர்ப்பை எவரும் கேட்கலாம். அதற்கு உட்பட்டதாக இருந்தால் தமக்கு நேரடித் தொடர்பு உண்டென்று காட்ட வேண்டும். வெறும் சான்றிதழ் கேட்டால் பெயரும் நாளும் மட்டுமே வரும் என்பதால், முழுப் பகர்ப்பையே கேட்க வேண்டும். நூறாண்டைக் கடந்த, பிறருடைய பதிவுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 300 யூரோ வரை கட்டணம் பெறுவதற்கு 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டம் கொமூனேக்கு இடமளித்திருப்பதால், முதலில் அந்தேநாத்தியில் படம் உண்டா என்று பார்த்துவிடுவது சிக்கனம். குடியுரிமை நோக்கத்துடன் தேடுகிறவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்: 2025-ஆம் ஆண்டின் 74-ஆம் எண் சட்டம், வம்சாவழிக் குடியுரிமையைப் பெரும்பாலும் பெற்றோர், பாட்டன் பாட்டி என்ற இரண்டு தலைமுறைக்குள் சுருக்கிவிட்டது. கொள்ளுப்பாட்டனின் பிறப்புப் பதிவைத் தேடிப் பணம் செலவழிக்கும் முன் அச்சட்டத்தைப் படித்துவிட வேண்டும்.

ஆண் ஒருவரின் பிறப்புப் பதிவு எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால், அரசு ஆவணக் காப்பகத்திலுள்ள 'லேவா' எனும் கட்டாய இராணுவச் சேவைப் பட்டியல் கைகொடுக்கும். பிறந்த ஆண்டு வாரியாக எழுதப்பட்ட அதில் பெற்றோர், பிறந்த ஊர், உயரம், தலைமுடியின் நிறம், எழுதப் படிக்கத் தெரியுமா என்ற விவரங்களோடு, ஆள் நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்ற குறிப்பும் சில நேரம் இருக்கும். கோவில் ஏடுகளும் தீர்ந்துபோன இடத்தில் நேப்பிள்ஸ் நாட்டவர்க்கு 1740 அளவில் பூர்போன் மன்னர் கார்லோ தொடங்கிவைத்த 'காதாஸ்தோ ஒன்சியாரியோ' என்னும் வரிக்கணக்கு இருக்கிறது. குடும்பத் தலைவர், மனைவி, மக்கள், ஒவ்வொருவரின் வயது, தொழில், குடியிருந்த வீடு சொந்தமா வாடகையா, எத்தனை துண்டு நிலம், எத்தனை ஆடு, ஒரு கழுதை உண்டா இல்லையா என்பதுவரை அதில் எழுதியிருக்கிறது.